ஹட்டன் குளிரில் ஒரு பவளத் தொட்டி: சம்ப் கட்டின விபரம்

கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே வைக்கிற துணைத்தொட்டியான சம்ப்பைக் கட்டுவது எப்படி என்று எங்கே தேடிப் பார்த்தாலும், கிடைக்கிற படங்களும் விளக்கங்களும் பெரும்பாலும் வெக்கையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எழுதியவை. சம்ப்புக்கு மேலே மின்விசிறி வையுங்கள், மூடியைத் திறந்து விடுங்கள், தண்ணீரைக் குளிராக்குகிற சில்லர் வாங்கக் காசு சேருங்கள் என்பார்கள். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ தொட்டி வைத்திருப்பவருக்கு அது சரி. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே வெப்பமானி 15, 16 பாகைதான் காட்டும், ஆனால் தொட்டியில் இருக்கிற மீனுக்கும் பவளத்துக்கும் வேண்டியது 25, 26. அந்தப் படங்களை அப்படியே பார்த்துக் கட்டினால் நமக்குக் கிடைப்பது கரண்ட் பில்லை ஏற்றுகிற ஒரு கண்ணாடிப் பெட்டி. மலைநாட்டில் சம்ப்பின் முதல் வேலை அழுக்கெடுப்பது இல்லை, சூட்டைக் காப்பாற்றுவது. அதை மனதில் வைத்து நான் கட்டினதைத்தான் எழுதுகிறேன்.

சம்ப் என்றால் பெரிய விசயம் ஒன்றும் இல்லை. பிரதான தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் ஒளித்து வைக்கிற இன்னொரு தொட்டி, அவ்வளவுதான். மேலே வழிகிற தண்ணீர் குழாயில் இறங்கி, கண்ணாடித் தடுப்புகளைத் தாண்டி அறை அறையாகப் போகும். கடைசி அறையில் இருக்கிற பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். ஹீட்டர், நுரை கிளப்பி அழுக்கெடுக்கிற ஸ்கிம்மர், வடிகட்டும் துணிப்பை என்று கண்ணுக்கு அழகில்லாத சாமான் எல்லாம் கீழே போய்விடும். தண்ணீரின் மொத்த அளவும் கூடும். கடல்நீர்த் தொட்டியில் அது சின்ன லாபம் இல்லை, ஒரு மீன் செத்தாலும் தீனி கூடிப்போனாலும் அதன் பாதிப்பு அவ்வளவு தண்ணீரில் கரைந்து மெதுவாகத்தான் தெரியும்.

கண்ணாடி வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும். அப்போது மேல்தொட்டியில் வழியும் மட்டத்துக்கு மேலே நிற்கிற தண்ணீர் முழுக்கக் கீழே வந்து சேரும். என் தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். வழியும் விளிம்புக்கு மேலே தண்ணீர் 2 சென்ரிமீற்றர் நின்றால் 120 × 45 × 2, அதாவது 10.8 லீற்றர். அதோடு முடிந்தால் பரவாயில்லை. பம்பிலிருந்து மேலே வருகிற குழாயின் வாய் தண்ணீருக்குள் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் எதிர்ப்பக்கமாக உறிஞ்சத் தொடங்கும், வாய்க்குள் காற்று புகும்வரை நிறுத்தாது. அப்போது வருவது 27 லீற்றர். இதைத் தாங்குகிற வெற்றிடம் சம்ப்பில் எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரைதான் தாங்கும். நான் எடுத்த அளவு 90 × 40 × 40. ஓடும்போது தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர், அப்படிப் பார்த்தால் உள்ளே ஏறக்குறைய 83 லீற்றர், மேலே காலியாக 61 லீற்றர். ஸ்டாண்டுக்குள் இதைவிடப் பெரிதாக நுழையுமென்றால் பெரிதாகவே போடுங்கள். சம்ப் பெரிதாய்ப் போய்விட்டது என்று வருத்தப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

திரும்பி உறிஞ்சுவதைத் தடுக்க, மேலே வருகிற குழாயில் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் கீழே சின்னத் துளை ஒன்று போடுவார்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அந்தத் துளைக்குள் காற்று போகும், உறிஞ்சுவது நின்றுவிடும். துளை நல்லதுதான், ஆனால் அதில் பாசி அடைக்கும், குட்டி நத்தை போய் உட்காரும். கணக்கை எப்போதும் துளை அடைபட்டுப்போன நாளுக்காகவே போட்டு வையுங்கள். ஒருவழி வால்வ் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். உப்புநீரில் அந்த வால்வின் நாக்கில் சுண்ணாம்புப் படிவும் புழுக்கூடும் ஒட்டி, சரியாக மூட வேண்டிய நாளில் மூடாது. நான் அதைப் போடவே இல்லை.

கண்ணாடிக்கு வருவோம். சுற்றுச்சுவரும் அடியும் 6 மில்லிமீற்றர், உள்ளே தடுப்புகளுக்கு 5 மில்லிமீற்றர். டவுனில் கண்ணாடி வெட்டுகிற அண்ணனிடம் அளவு எழுதின தாளை நீட்டினேன்.

“தொட்டிக்குள்ளாற எதுக்கு தம்பி இத்தன சுவரு? மீன் எங்க நீந்தும்?”

“இதுல மீன் இல்லண்ணே, தண்ணி மட்டும்தான்.”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “வெறும் தண்ணிக்கா ஆறு மில்லிமீற்றர்?” என்றார். இருந்தாலும் விளிம்பெல்லாம் கையைக் கிழிக்காதபடி உரசிக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை.

தடுப்புகளை உள் அகலத்தைவிட நாலைந்து மில்லிமீற்றர் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். சரி அளவுக்கு வெட்டினால் உள்ளே இறங்காது, வற்புறுத்தி இறக்கினால் பக்கக் கண்ணாடி கீறும். இடைவெளியைச் சிலிகன் நிரப்பிக்கொள்ளும். சிலிகன் வாங்கும்போது பூஞ்சண எதிர்ப்பு மருந்து கலந்த குளியலறை வகையை வாங்க வேண்டாம், மீன் தொட்டிக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். வினாகிரி வாசம் அடிக்கிற வகைதான் அது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிகனை இழுத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த விரலால் ஒரே இழுப்பாகத் தடவி, அது தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். இரண்டாம் தடவை தடவப் போனால் சுருங்கிச் சுருங்கி அசிங்கமாகும். டியூபில் 24 மணித்தியாலம் என்று போட்டிருக்கும். அது நம்ம ஊர்க் குளிரைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. சிலிகன் இறுகுவதற்குக் காற்றின் ஈரம் வேண்டும், அது இங்கே தாராளம். ஆனால் குளிர் கூடக் கூட இறுகும் வேகம் குறையும். மூலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தால் வினாகிரி வாசம் இல்லை என்று ஆகும்வரை, ஒரு கிழமை போனாலும், விட்டுவிடுங்கள். அப்புறம் தினசரிப் பேப்பரை விரித்து அதன்மேல் சம்ப்பை வைத்து நிரப்பினால், பொட்டுக் கசிவு இருந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுக்கும்.

அறைகள் மூன்று. மேலிருந்து தண்ணீர் இறங்குகிற முதல் அறையில் 200 மைக்ரோன் துணிப்பையும் ஸ்கிம்மரும். இந்த அறையின் தடுப்பு 23 சென்ரிமீற்றர் உயரம். ஸ்கிம்மருக்குத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கக் கூடாது, ஏறினால் நுரை பொங்கிக் கிண்ணம் நிரம்பும், இறங்கினால் ஒன்றுமே வராது. தடுப்பு இருந்தால் அந்த அறையின் மட்டம் தடுப்பின் உயரத்திலேயே நிற்கும். உங்கள் ஸ்கிம்மர் எந்த ஆழத்தைக் கேட்கிறது என்று பெட்டியில் பார்த்து அதற்கேற்பத் தடுப்பை வெட்டுங்கள், என் அளவைப் பார்த்து வெட்ட வேண்டாம். நடுவில் பாசி வளர்க்கிற அறை. கடைசியில் பம்ப். பம்ப் அறைக்கு முன்னால் மேல், கீழ், மேல் என்று மூன்று தடுப்புகளை இரண்டரை சென்ரிமீற்றர் இடைவெளியில் நிறுத்தினேன். தண்ணீர் முதலாவதன் மேலே ஏறி, இரண்டாவதன் அடியில் நுழைந்து, மூன்றாவதன் மேலே வரும்போது குமிழ் எல்லாம் மேலே போய் உடைந்துவிடும். இது இல்லாவிட்டால் மேல்தொட்டி முழுக்கப் பொடிக் குமிழ் பறக்கும், பார்க்கச் சகிக்காது.

பம்ப் பற்றி ஒரு வரி. சம்ப் வழியாக மணித்தியாலத்துக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நாலு மடங்கு ஓடினால் தாராளம். அதற்கு மேல் ஓட்டினால் சத்தமும் குமிழும்தான் கூடும். பவளத்துக்கு வேண்டிய நீரோட்டத்தை மேல்தொட்டிக்குள்ளேயே வைக்கிற அலைப்பம்பு பார்த்துக்கொள்ளும்.

ஹீட்டரை எந்த அறையில் வைப்பது? நிறையப் பேர் பம்ப் அறையில் வைக்கிறார்கள், இடம் அங்கேதான் இருக்கும். ஆனால் தொட்டி முழுவதிலும் ஆவியாகிப் போகிற தண்ணீரின் குறைவு எல்லாம் அந்த ஒரு அறையில்தான் தெரியும். மற்ற அறைகள் தடுப்பின் உயரத்தில் அப்படியே நிற்கும். மட்டம் இறங்கி ஹீட்டரின் தலை வெளியே வந்து, சூடான கண்ணாடியில் திடீரென்று தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். அதனால் ஸ்கிம்மர் அறையில், தடுப்பை ஒட்டிப் படுக்கவைத்தேன். ஒன்று இல்லை, 200 வாட் இரண்டு. ஹீட்டர் பழுதாவது இரண்டு விதமாக: அணைந்தே கிடக்கும், அல்லது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பெரிய ஹீட்டர் ஒன்று அணையாமல் எரிந்தால் ஒரே இரவில் மீன் வெந்துவிடும். சின்னது ஒன்றால் இந்தக் குளிரில் இவ்வளவு தண்ணீரை அந்த அளவுக்கு ஏற்ற முடியாது. இரண்டும் வெளியே தனியாக இருக்கிற ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகத்தான் போகின்றன.

இனி ஆவியாதல். எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான். மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிற, சீலை காயவே காயாத ஒரு ஊரில், தொட்டித் தண்ணீர் குறையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். குறைகிறது. அதுவும் கடற்கரை ஊர்களைவிட வேகமாக. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர், கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்குப் பக்கத்தில் காற்றின் ஈரத்தை அளக்கிற ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்தே வேலை செய்தவர். அவருக்கு இது ஆச்சரியமாகவே இல்லை.

“மழைக்காலத்துல நாங்க கொழுந்து எப்புடி வாட்டுனோம்னு நெனைக்கிற? வெளிக்காத்து முழுக்க ஈரம்தான். அத கொஞ்சம் சூடாக்கி விட்டா அதே காத்து தண்ணிய இழுக்கும். ஓன் தொட்டி மேல நடக்குறதும் அதுதான்.”

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 25 பாகையில் இருக்கிற கடல்நீரின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 3.1 கிலோபாஸ்கல். 16 பாகைக் காற்று முழுக்க ஈரத்தால் நிறைந்திருந்தாலும் அதில் 1.8தான் இருக்கும். கொழும்பில் 28 பாகையில் 80 வீத ஈரப்பதம் என்றால் 3.0. இந்த வித்தியாசம்தான் ஆவியை இழுக்கிறது, கொழும்பில் அது சொற்பம், இங்கே எக்கச்சக்கம். போன ஆவி எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் காலையில் கையை வைத்தால் நனையும், ஜன்னல் கண்ணாடியின் அடிச்சட்டத்தில் நீர் கோடாக வடிந்து நிற்கும், கொஞ்ச நாளில் சட்டத்தின் மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

சுவர் நனைவது ஒருபக்கம், காசு போவது இன்னொரு பக்கம். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கரண்ட் கணக்கில் அது 0.67 யூனிட். நாளுக்கு 3 லீற்றர் போனால் 2 யூனிட், மாதத்துக்கு 60 யூனிட். அந்த 60 என்ற எண் நம்ம நாட்டில் பில் கட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த எண்தான், அதைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறும். வீட்டுப் பாவனைக்கு மேலே இது வேறு வந்து சேர்ந்தால் கதை கந்தல்.

ஆகவே மூடி. பாசி அறைக்கும் பம்ப் அறைக்கும் மேலே 4 மில்லிமீற்றர் கண்ணாடியில் மூடி போட்டேன், வயர் போகிற மூலையை மட்டும் வெட்டி விட்டேன். மேல்தொட்டிக்கும் இரண்டு துண்டு கண்ணாடி மூடி. சம்ப்பின் அடி, பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு எல்லாவற்றுக்கும் ஒரு அங்குல ரெஜிபோம். முன்பக்கம் மட்டும் ரெஜிபோம் பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன், உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமே. அடியில் போட்ட ரெஜிபோம், ஸ்டாண்டுப் பலகையின் மேடுபள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும், கண்ணாடி ஒரு புள்ளியில் அழுந்தி வெடிக்காது.

முழுவதையும் மூடிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 86, 87 வீதம்தான், அதே அளவுக்குத் தண்ணீரில் கரைகிற ஒட்சிசனும் குறையும். 25 பாகைக் கடல்நீரில் கடல் மட்டத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் கரையுமென்றால், ஹட்டனில் 5.8 போல. (கொழும்பிலிருந்து ரயிலில் மீன் கொண்டு வந்தவர்களுக்கு இந்தக் காற்றழுத்த விசயம் வேறு விதமாகத் தெரிந்திருக்கும்: ஏற ஏற பொலித்தீன் பை உப்பிக்கொண்டே வரும். முழுக்க ஊதிக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.) அதனால் ஸ்கிம்மர் அறையை மூடவில்லை. நம்ம உயரத்தில் ஸ்கிம்மரை அழுக்கு எடுக்கிற சாமானாக மட்டும் பார்க்கக் கூடாது, ஒட்சிசன் கலக்குகிற வேலையிலும் பாதி அதனுடையதுதான்.

ஸ்கிம்மர் எந்தக் காற்றை இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலைந்து பேர் ஒரே அறையில் இருந்தால், பக்கத்தில் அடுப்பும் எரிந்தால், அறைக்காற்றில் காபனீரொட்சைட்டு ஏறும். அதையே ஸ்கிம்மர் நுரைத்து நுரைத்துத் தண்ணீரில் கலக்கும், தண்ணீரின் அமில, கார அளவான பிஎச் இறங்கும். 8.1, 8.2 இருக்க வேண்டியது 7.8க்கு வந்து நிற்கும், மருந்து ஊற்றினாலும் மறுநாள் அதே இடம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயோடு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இணைத்து ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு வெளியே விட்டால் சரி. வெளி நுனியில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். பக்கத்து மலையில் தேயிலைக்கு மருந்தடிக்கிற நாளில் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே போட்டுவிட வேண்டும், நான் மறக்காமல் செய்கிற வேலை அது.

மருந்து என்றதும் தண்ணீர்க் கதைக்கு வந்தே ஆக வேண்டும். எங்கள் பக்கம் பீலித் தண்ணீர் குடிக்க அவ்வளவு ருசி, எல்லாருக்கும் அதில் ஒரு பெருமை. அதை நேராகப் பவளத் தொட்டியில் ஊற்ற நான் பயப்படுவேன். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்கு எதிராகத் தேயிலையில் அடிக்கிற மருந்துகளில் செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகள் முக்கியமானவை. மழையோடு மழையாக மலைச்சரிவில் இறங்குகிற தண்ணீரில் அது கொஞ்சம் கலந்திருந்தாலும் மனுசனுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், பவளமும் நத்தையும் இறாலும் தாங்காது. அதனால்தான் பித்தளை வால்வ், செம்புக் குழாய் எதையும் இந்தத் தொட்டியின் பக்கம் சேர்ப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருப்பதையும் சவ்வால் பிரித்தெடுக்கிற ஆர்ஓ வடிகட்டி வழியாகத்தான் தண்ணீர் வரும். குளிர்த் தண்ணீரில் ஆர்ஓ சவ்வின் வேகம் குறையும், பெட்டியில் எழுதியிருக்கிற அளவு 25 பாகைக்கு. 16 பாகையில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். அதற்குப் பதிலாக மலை நமக்கு அழுத்தத்தை இலவசமாகத் தருகிறது. 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார். வீட்டுக்கு 35, 40 மீற்றர் மேலே தாங்கி இருக்கிறவர்களுக்கு சவ்வு கேட்கிற அழுத்தம் பம்ப் இல்லாமலே கிடைக்கும். சமவெளியில் இருப்பவர் இதற்கென்று மோட்டார் வாங்குவார்.

உப்பு விசயத்தில் மாமா ஒருவர் வரும்போதெல்லாம் கேட்பது: “கடல் தண்ணின்னா உப்புத் தண்ணிதானே, கடையில ரெண்டு கிலோ உப்பு வாங்கிப் போட்டா என்னா?” இரண்டு கிலோ எந்த மூலைக்கு? 300 லீற்றருக்குப் பத்தரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். அளவை விடுங்கள், சாமானே வேறு. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளத்தில் கடல்நீரை வற்றவைக்கும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலிலேயே படிந்துவிடும். உப்பு விளைந்த பிறகு மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்து விடுவார்கள். மிஞ்சுவது சோறு ஆக்க நல்ல உப்பு. பவளத்துக்கு அந்தப் போனதுகள்தான் வேண்டும்: கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் போல, மக்னீசியம் 1300 போல. எனவே பவளத் தொட்டிக்கென்று விற்கிற கலவை உப்பையே வாங்க வேண்டும், வேறு வழி இல்லை.

கல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை என் தொட்டியில் இல்லை. கல்பவளங்கள் நம் நாட்டில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை, சட்டம் இல்லாவிட்டாலும் 1998இலும் 2016இலும் கடல் சூடாகி வெளுத்துப்போன பவளத்திலிருந்து நான் பங்கு கேட்கப் போவதில்லை. வெள்ளைச் சீமெந்தும் நொறுக்கின சிப்பி ஓடும் கலந்து வார்த்து, பிஎச் இறங்கும்வரை மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்த கல்தான். சம்ப்பின் பாசி அறையில் சின்னத் துண்டுகளாகவும் கொஞ்சம் கிடக்கிறது, பக்றீரியாவுக்கு இடம் வேண்டும் அல்லவா. பவளங்கள் இன்னொருவர் தொட்டியில் வெட்டி வளர்த்த மென்பவளத் துண்டுகள்.

பாசி அறையில் கீட்டோ என்கிற பாசியைப் போட்டிருக்கிறேன், பச்சை நைலோன் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் அது வளர்வதற்குச் சாப்பிட்டுவிடும், நாம் அவ்வப்போது ஒரு கைப்பிடி பிய்த்து வெளியே போட்டால் அழுக்கும் அதோடு வெளியே போகிறது. இதற்கு மேலே இருக்கிற விளக்கு, மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகுதான் எரியும். இரவில் பிஎச் இறங்காமல் பிடித்து வைக்கும், மூடிக்குள் கொஞ்சம் சூடும் சேரும். டோர்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் பாசி நூல்களுக்கு இடையில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடும், கொப்பேபோட். இன்னும் கொஞ்சம் பெரிதாக, வளைந்த முதுகோடு பக்கவாட்டில் நீந்துகிறது அம்பிபோட். வெளிச்சம் பட்டதும் ஒரு நொடி நின்று, அப்புறம் பாசிக்குள் புகுந்துவிடும். இவை பம்ப் வழியாக மேலே போய் மீனுக்கும் பவளத்துக்கும் தீனியாகின்றன. விலை கொடுத்து வாங்குகிற தீனியில் எதுவும் இதற்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம்.

கரண்ட். நீர்மின்சாரம் தருகிற மவுசாக்கலையும் காசல்ரீயும் லக்சபானவும் நம்ம மலையில்தான் இருக்கின்றன, ஆனாலும் வெட்டு என்றால் நமக்கும் வெட்டுத்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடே இருண்டது. இப்படியான நாளில் ஆட்கள் முதலில் சூட்டைப் பற்றித்தான் பதறுகிறார்கள். முதலில் தீர்வது ஒட்சிசன். பற்றரியில் ஓடுகிற காற்றுப்பம்பு ஒன்றை மேல்தொட்டியில் போட்டுவிட்டு, அப்புறம் கம்பளியைப் போர்த்துங்கள். ரெஜிபோம் சுற்றின சம்ப்பில் இருக்கிற தண்ணீர் நிறைய நேரம் சூட்டோடு இருக்கும், ஆனால் பம்ப் ஓடாமல் அந்தச் சூடு மேலே போகாது. சின்ன இன்வேட்டரில் பம்பை மட்டும் ஓட்டினாலே பெரிய உதவி. ஹீட்டரை அதில் மாட்ட வேண்டாம், பற்றரியை உறிஞ்சித் தீர்த்துவிடும்.

கரண்ட் வெட்டுக்காகக் காத்திராமல் நீங்களே பம்பை அணைத்துப் பாருங்கள். முதலில் கிடுகிடுவென்று மட்டம் ஏறும், பிறகு வேகம் குறையும், கடைசியில் குழாய்க்குள் ஒரு பெரிய இழுப்புச் சத்தம் கேட்டு நிற்கும். நின்ற இடத்தில் கண்ணாடிக்கு வெளியே மார்க்கரால் ஒரு கோடு. பம்பைத் திரும்பப் போட்டு, ஓடுகிற மட்டத்தில் இன்னொரு கோடு. இந்தக் கீழ்க்கோட்டுக்கு மேலே எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆவியான குறைவை நிரப்ப நல்ல தண்ணீர்தான், உப்புநீர் இல்லை, உப்பு ஆவியாகாது. மிதவை வால்வ் வைத்த ஒரு கான் அந்த வேலையைத் தானாகச் செய்கிறது. கானின் அளவை மட்டும் சின்னதாக வையுங்கள், மிதவை சிக்கிக்கொண்டாலும் முழுக்கானும் கொட்டிச் சம்ப் வழியாதபடி.

வயர் எல்லாம் சொக்கட்டுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், வழிந்து வருகிற துளி அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மின் கசிந்தால் தானாக அணைக்கிற ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் இதை மாட்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது சத்தம். அம்மாவின் கட்டில் சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறது, வடிகுழாய் இரவெல்லாம் களகளவென்று பேசினால் தொட்டியே போய்விடும். மேல்தொட்டியில் இரண்டு துளை, இரண்டுக்கும் எஸ்லோன் பைப். துளை போடும் முன்னால் கண்ணாடி டெம்பர் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், டெம்பர் செய்ததைத் துளைத்தால் தூள்தூளாகும். ஒரு குழாயில் வால்வ், மற்றது வெறும் குழாய், வாய் கொஞ்சம் உயரமாக. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் குழாய் முழுக்கத் தண்ணீரால் நிறையும், காற்று உள்ளே போகாது, சத்தம் அப்படியே அடங்கும். முதல் குழாயில் ஏதாவது அடைத்தால் தண்ணீர் உயர்ந்து இரண்டாவதில் இறங்கும், அப்போது கேட்கிற சத்தமே நமக்கு எச்சரிக்கை. இதற்கு போல் வால்வைவிட கேட் வால்வ்தான் தோது, நூலளவு திருப்பலாம். ஹார்ட்வெயார் கடைகளில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் பித்தளை, அது ஆகாது. பிவிசியில் வேண்டுமென்று கேட்டு, கொழும்பிலிருந்து வரவழைத்தேன். சத்தம் அடங்கின இடத்தில் கைப்பிடிக்கும் உடம்புக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் திருப்பிவிட்டாலும் கோட்டைப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.